பெட்டிக்குக் காவல் போதும்!

ஆத்தூரிலிருந்து கடலூர் போக எங்கள் வீட்டில் ரயில்தான் வழக்கம். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வண்டி மாற வேண்டும். கடலூர் என் மாமியாரின் பிறந்த ஊர். போன தை மாதம் அவருடைய தம்பி பேத்திக்குக் காது குத்து. அத்தை, நான், என் ஒன்பது வயது மகள் மூவரும் கிளம்பினோம். காலையில் விருத்தாசலத்தில் இறங்கினால், அடுத்த வண்டிக்கு முழுசாக நாலு மணி நேரம் இருந்தது!

"நான் பெட்டியைப் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய்க் காப்பி குடிச்சுட்டு வாங்க" என்று அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியைக் காலோடு இழுத்து வைத்துக் கொண்டார்.

"இந்த ஊர்ல என்ன இருக்கு அப்பாயி?" என்று கேட்டாள் மகள்.

"யாருக்குத் தெரியும்? மீட்டர் கேஜ் வண்டி ஓடின காலத்திலிருந்து இங்கேதான் மாறறேன். உங்க தாத்தா கோயிலுக்குப் போய் விபூதி கொண்டு வருவார். நான் பெட்டிக்குக் காவல்!"

சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. மாமா தவறிப் போய் இரண்டு வருஷமாகிறது. நல்ல மனிதர்தான். கைக்குழந்தை, மூட்டை, கூஜா என்று இருக்கும்போது யாராவது ஒருத்தர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அந்த ஒருத்தர் எப்போதும் அத்தையாகவே இருந்துவிட்டார். யோசித்தால் நானும் அப்படித்தான். எத்தனை ஊரில் பிளாட்பாரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்!

"கிளம்புங்க அத்தை, ஊரைப் பார்த்துட்டு வரலாம்."

"முட்டி வலிக்குமே. வண்டியை விட்டுட்டா?"

நாலு மணியில் ஒரு மணியை முதலிலேயே கழித்து விட்டேன். அது ஸ்டேஷனுக்குத் திரும்பி, மூச்சு வாங்கி உட்கார. மீதி மூன்று மணிக்கு இரண்டே இடம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் கோயில், பிறகு பீங்கான் பட்டறை. ஆட்டோக்காரரிடம் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொண்டோம். சக்கரம் வைத்த பெட்டியும் கூடவே வந்தது. தண்ணீர், பிஸ்கெட், அத்தையின் மாத்திரை மூன்றும் கைப்பையில்.

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். ஸ்வாமி விருத்தகிரீஸ்வரர், தமிழில் பழமலைநாதர். எல்லாமே 'பழையது' என்ற அர்த்தம்தான். "அப்போ எனக்கு ஏத்த ஊர்தான்" என்றார் அத்தை. ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படிகளில் கீழே இறங்க வேண்டும். அத்தை மேலேயே நின்று கைகூப்பினார். பேத்தி இறங்கிப் போய் அவருக்கும் சேர்த்து வேண்டிக் கொண்டு வந்தாள்.

இந்தக் கோயிலை 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுத்துக் கட்டியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். கணவரை இழந்த பிறகு எத்தனையோ செங்கல் கோயில்களைக் கல்லாக்கிய அரசி. இதைச் சொன்னதும் அத்தை கல்தூணைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அம்பாள் சந்நிதியில் ஒரு கதை உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர் அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். "கிழவியால் எப்படியப்பா சோறு சுமந்து வர முடியும்?" என்றாளாம் அம்மன். அவர் இளையவளாகப் பாட, இளம்பெண்ணாய் வந்து அன்னமிட்டாளாம். கேட்டதும் அத்தை வாய்விட்டுச் சிரித்தார். மாமா போன பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து பீங்கான் பட்டறை. செராமிக் தொழிலுக்குப் பேர் போன ஊர் இது. அதைக் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையமே இங்கே உண்டு. நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கேரியரிலிருந்து அகல் விளக்கு, பொம்மை வரை செய்கிறார்கள். கேட்டுக் கொண்டதும் ஒரு பட்டறையில் உள்ளே விட்டார்கள்.

களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் பொடிகளைச் சேர்த்து, தோசை மாவு மாதிரி கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமெல்லாம் மண் கெட்டியாகப் படிகிறது. நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே கூடான கிளி! உலர்த்திச் சூளையில் வைத்தால் ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் வேகிறது. பளபளப்புக்கு மேல்பூச்சு தனி. அச்சு சேர்ந்த தடத்தைச் சின்னக் கத்தியால் வழித்துக் கொண்டிருந்த பெண்ணிடம், "கை பட்டா உடைஞ்சுடாதா?" என்று கேட்டார் அத்தை. "வேகற வரைக்கும்தாம்மா பயம்" என்றாள் அவள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அலங்காரப் பொம்மை, வர்ணக் கிண்ணம் எதிலும் குழந்தைக்குச் சாப்பாடு போடாதீர்கள். சில வர்ணத்திலும் மேல்பூச்சிலும் ஈயம் கலந்திருக்கலாம். உணவுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

அத்தை தன் சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்து ஆறு அகல் வாங்கினார். பேத்திக்கு ஒரு கிளி. புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்து, சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். முட்டி வலித்ததா என்று கேட்டேன். "வலிச்சுது. அதனால என்ன?" என்றார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது அதே ஜங்ஷன். பக்கத்து பெஞ்சில் ஒரு சின்னப் பெண், மடியில் குழந்தை, காலடியில் இரண்டு பெட்டி. அவள் புருஷன், "ஊருக்குள்ளே கோயில் இருக்காம், பார்த்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினான்.

அத்தை அவனைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்கு நீ பெட்டிகிட்ட உட்காரு. குழந்தையையும் வாங்கிக்க. அது போய்ப் பார்த்துட்டு வரட்டும்."