கிள்ளான் ரயிலில் ஒரு கவிதை

சனிக்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையிலிருந்து இளையராஜா. எதிரே வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்த சீனப் பெரியவருக்கு வழிவிட்டு, “மார்னிங் அங்கிள்” என்றார் பூக்காரம்மா. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து அவரும் பதில் சொன்னார். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், பார்க்காமலே ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பவர்கள் நிறைந்த வட்டாரம் இது. வாரத்தில் ஐந்து நாள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பிழைக்கும் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரை அழித்தபோது, இனிமேல் செங்கல்லில் கட்டுங்கள் என்று உத்தரவானது. செங்கல் சூளைகள் இருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயிற்று. பிறகு ரயில்வே வந்தது, அதோடு நம் ஆட்களும் வந்தார்கள். சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய புத்த மகா விகாரையும், யாழ்ப்பாணத் தமிழர்கள் கட்டிய கந்தசுவாமி கோயிலும் இங்கே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இலங்கையில் என்னென்னவோ நடந்த காலத்திலும் இரண்டு இடத்திலும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அன்று என் பையில் மூன்று தாள்கள். இரண்டில் ஒரு மலாய்க் கவிதை. மூன்றாவதில் அடித்தும் திருத்தியும் நான் செய்த தமிழாக்கம். கவிதையின் பெயர் ‘சஹாபாத்கு’, ‘என் நண்பனே’ என்று சொல்லலாம். எழுதியவர் உஸ்மான் அவாங். 1979-இல் டாக்டர் எம்.கே. ராஜகுமாருக்கு என்று பெயர் குறிப்பிட்டே எழுதினார்.

அந்த இரண்டு பேரைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. உஸ்மான் அவாங் ஜொகூரின் கடற்கரைக் கம்பம் ஒன்றில் பிறந்தவர். இளவயதில் போலீஸ்காரர். பிறகு பத்திரிகையாளர், கவிஞர், 1983-இல் தேசிய இலக்கியவாதி. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையைப் பற்றிக்கூட ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ராஜகுமார் மருத்துவர், சோசலிஸ்ட். மாணவராக இருந்தபோதே ‘ஃபாஜார்’ இதழுக்காக 1954-இல் சிங்கப்பூரில் தேச நிந்தனை வழக்கைச் சந்தித்த எட்டுப் பேரில் ஒருவர். பின்னாளில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர். நாம் இருவரும் கனவு கண்ட தேசம் இன்னும் வந்து சேரவில்லையே, எல்லாரையும் சமமாக நடத்தும் நாள் எப்போது என்று ஒரு மலாய்க் கவிஞர் தன் நண்பரிடம் வருந்திக் கேட்கும் கவிதை அது. 1969 மே 13 கலவரம் முடிந்து பத்தே ஆண்டு ஆகியிருந்த நேரம்.

மலேசிய தினத்தன்று, செப்டம்பர் 16-ஆம் தேதி, இதைத் தமிழில் வானொலியில் வாசிக்க வேண்டும் என்பது என் திட்டம். ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். அதைத் தீர்த்து வைக்கக்கூடிய ஆள் கிள்ளானில் இருந்தாள். அதனால் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று இனத்தவரும் ஒரே பெட்டியில், எல்லார் கண்ணும் அவரவர் கைப்பேசியில். நானும்தான்.

அங்காசாபுரி நிலையம் வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பேன். ஆர்.டி.எம். இருக்கும் இடம். தமிழ் வானொலியில் வேலை செய்கிற எவருக்கும் அது தாய்வீடு மாதிரி. நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு இந்த ஒலிபரப்பு உலகத்திலிருந்துதான் பினாங்குப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். அவர் நாவல்களைப் படித்துத்தான் ஊடகப் படிப்பு படிக்கிற ஆசையே எனக்கு வந்தது. ஆனால் அன்றைக்கு வேறொன்று தோன்றியது. நான் படித்த அளவில், நம் கதைகளில் மலாய்க்காரர் வந்தால் போலீஸ்காரராகவோ அலுவலக அதிகாரியாகவோதான் பெரும்பாலும் வருகிறார். நம் வீட்டு அடுக்களை வரை வருபவர் குறைவு. அவர்கள் கதைகளில் நாம் எப்படி வருகிறோம் என்று கோபப்படுவதற்கு முன்னால் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கொஞ்ச தூரத்தில் கம்போங் டத்தோ ஹாருன். கதவு திறந்தது, நாலைந்து பேர் இறங்கினார்கள், மூடியது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும் நடந்த மோதலில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் இழவு வீடு, அங்கேதான் தொடங்கியது என்று செய்திகள் சொன்னன. தமிழில் ‘மார்ச் 8’ என்று ஒரு புத்தகம் வந்தது, அதை அரசு தடை செய்தது. அப்போது எனக்கு ஏழு வயது. கிள்ளானில் அப்பா வாசல் கேட்டுக்கு இரண்டு பூட்டு போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, படிவம் ஐந்தில், நானும் ஒரு பூட்டு போட்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தது ‘இண்டர்லோக்’. எழுதியவர் கெடாவில் பிறந்த அப்துல்லா ஹுசைன், அவரும் தேசிய இலக்கியவாதிதான். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டை ஒட்டி நடந்த போட்டிக்காக 1967-இல் எழுதி, 1971-இல் புத்தகமான நாவல். முதல் பகுதி செமான் குடும்பம், இரண்டாவது சிங் ஹுவாட் குடும்பம், மூன்றாவது மணியம் குடும்பம். நான்காம் பகுதியில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பெயரே அதுதான். இன ஒற்றுமைக்காகவே எழுதப்பட்ட நாவல் என்று அட்டவணை போட்டுச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட நாவலைத்தான் 2011 சனவரியில், எங்கள் கிள்ளானில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், எரித்தார்கள்.

காரணம் ஒரு சொல். பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து கிளம்பி, உலக மொழிகளுக்குள் போய் வசையாகத் திரும்பி வந்த சொல். மணியத்தின் ஆட்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் நாவலாசிரியர் அதைப் பயன்படுத்தியிருந்தார். கோபம் பொய்யில்லை. பள்ளி பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து அந்தச் சொல் என் தலைமேல் விழுந்திருக்கிறது. அதையே ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கப்போகிறார், நாற்பது பேர் திரும்பி என்னைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே காது சுட்டது.

“அந்தப் புக்க திருப்பிக் கொடுத்துட்டு வாம்மா” என்றார் அப்பா. கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. பக்கத்து மேசைத் தோழியிடம், “உங்க எழுத்தாளர் எங்கள எவ்வளவு கேவலமா எழுதியிருக்கார் தெரியுமா?” என்றேன். படிவம் ஒன்றிலிருந்து என் தோசையைப் பாதி தின்று, அவள் அம்மா செய்த குவே போத்தலில் பாதியை எனக்குத் தந்தவள்.

“நீ படிச்சியா?” என்று கேட்டாள்.

“படிக்கத் தேவையில்ல.”

“நான் படிச்சேன். மூணாவது பகுதி படிக்கறப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட கேக்கணும்னு வெச்சிருந்தேன்” என்றாள்.

மறுநாள் நான் இடம் மாறி உட்கார்ந்தேன். எஸ்.பி.எம். முடியும் வரை அப்படியே.

அந்தக் கூச்சலில் படித்துவிட்டுப் பேசியவர்கள் சிலர் இருந்தார்கள். தைப்பிங் அருகே அவுலோங்கில் பிறந்து மலாயிலேயே கதை எழுதும் உதயசங்கர் எஸ்.பி. அவர்களில் ஒருவர். மலாயில் எழுதும் நம்மவர்களைச் சேர்த்து 1999-இல் ‘காவ்யன்’ என்ற குழுவைத் தொடங்கியவர். நாவலின் மொழியிலேயே எழுதுகிறவர் நாவலின் குறையைச் சொல்லும்போது அதற்கு ஒரு எடை இருந்தது. அரசு முதலில் திருத்தம் என்றது, வல்லுநர் குழு என்றது. கடைசியில் பாடத்திட்டத்திலிருந்து புத்தகம் போனது. 2014-இல் அப்துல்லா ஹுசைன் காலமானார். கிள்ளானில் எரித்தவற்றில் அவருடைய படமும் இருந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது.

நான் ‘இண்டர்லோக்’ படித்தது பல்கலைக்கழகத்தில், அதுவும் சர்ச்சையைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்ற கட்டுரைக்காக. நூலகப் பிரதி, இரண்டு இரவு. பகைமை கொண்டவர் எழுதிய புத்தகமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் செமான் ஏழை மலாய்க்காரர், சிங் ஹுவாட் கடைக்காரர், மணியம் தோட்டத்துக்காரர். ஒவ்வொருவரும் தன் இனம் முழுவதையும் முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். அவ்வளவு பாரத்தோடு எந்த மனிதனும் இயல்பாகப் பேச முடியாது. அந்தச் சொல் வந்த பக்கத்தில் எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. என் சொந்தத்திலேயே ஒரு கல்யாணப் பேச்சு அதே சொல்லால் நின்றுபோயிருக்கிறது. அதற்கு யாரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை.

தோழியிடம் அதைச் சொல்ல முகவரி இல்லை. அவளாகத்தான் வந்தாள். போன வருடம் கிரேப் காரில் போயிருக்கிறாள். ஓட்டுநர் தமிழ் வானொலி வைத்திருந்தாராம். ஒரு சொல்லும் புரியாத அந்தப் பேச்சின் நடுவில் நான் சிரித்திருக்கிறேன். “இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்” என்று அன்றிரவே இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினாள். இப்போது கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மலாய் ஆசிரியை. நாலைந்து மாதம் சும்மா நலம் விசாரித்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கவிதையை அனுப்பினாள். கூட வேறெதுவும் எழுதவில்லை.

கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவுக்கு நடந்தேன். முறுக்கு சுடும் வாசனை, சேலைக் கடை, நகைக்கடை, நம் முஸ்லிம்களின் பள்ளிவாசல், அதே சாலையில் லூர்து மாதா தேவாலயம். தீபாவளி நெருக்கத்தில் நடக்க இடமிருக்காது, அன்று தாராளமாக நடக்க முடிந்தது. தமிழ் முஸ்லிம் கடை ஒன்றில் தே ஓ ஐஸ் லிமாவ் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதினான்கு ஆண்டு. முக்காடும் மூக்குக்கண்ணாடியும் புதிது. எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். “முதல்ல ரோட்டி சொல்லு, பசிக்குது” என்றாள்.

தாள்களை விரித்தோம். என் சிக்கல் ‘பங்சா’. பங்சா மெலாயு, பங்சா சீனா என்கிறபோது அது இனம். ஐக்கிய நாடுகள் சபைக்கு மலாயில் பெர்துபுஹான் பங்சா-பங்சா பெர்சாத்து என்று பெயர், அங்கே அது தேசம். உஸ்மான் அவாங் நண்பரிடம் பேசுகிற பங்சா எது? முதலில் ‘இனம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் கவிதை ராஜகுமாரை வெளியே நிறுத்தியது. ‘தேசம்’ என்று மாற்றினேன். சரியாகத்தான் இருந்தது, ஆனால் வலி போய்விட்டது.

“வலியே அங்கதானே இருக்கு” என்றாள் அவள். “எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல். நாங்க பங்சான்னு சொல்றப்ப நாட்டச் சொல்றோமா எங்களச் சொல்றோமா, எங்களுக்கே பல நேரம் தெரியாது. அவர் தெரிஞ்சு சொல்றார்.” அவளுடைய மாணவர்களிடம் இதைக் கேட்டால் பாதி வகுப்பு ஒரு பதில், பாதி வகுப்பு இன்னொரு பதில் சொல்லுமாம். கவிதையின் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அமைதியாவார்களாம். அட்டவணை போட்டு மூன்று இனத்தையும் வரிசையாக நிறுத்திய நாவல் என்னை இடம் மாறி உட்கார வைத்தது. ஒரே ஒரு டாக்டருக்கு எழுதிய இந்தக் கவிதை என்னை ரயிலேற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை, மேடைப்பேச்சு மாதிரி இருக்கும்.

மலாய்ச் சொல்லையே அப்படியே வாசித்துவிடேன் என்றாள். வானொலியில் அது முடியாது, கேட்பவர் கார் ஓட்டிக்கொண்டிருப்பார், அடிக்குறிப்பு படிக்க மாட்டார் என்றேன். ரோட்டி வந்து, தீர்ந்து, இன்னொரு சுற்று தே தாரிக் வந்தது. பென்சிலால் ‘பங்சா’வைச் சுற்றி வட்டம் போட்டதோடு சரி.

தலைப்பு சுலபமாகத் தீர்ந்தது. தமிழில் சஹாபாத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். நண்பர் என்று சொல்லலாம், தோழர் என்றும் சொல்லலாம், ஆனால் தோழர் என்றால் கொஞ்சம் சிவப்பு தெரியும் என்றேன். “அந்த டாக்டருக்கு அது பொருத்தம்தானே!” என்று சிரித்தாள். தோழர் என்று எழுதினேன்.

“பெண்ணா இருந்தா?”

“தோழி.”

சொல்லிப் பார்த்தாள். தோளி என்று வந்தது. மறுபடியும் தோளி. இந்த எழுத்து எங்கள் வானொலி நிலையத்திலேயே பாதிப் பேருக்கு வராது என்றேன். நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்து காட்ட, பக்கத்து மேசைப் பெரியவர் எங்களையே பார்த்தார். நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில் கதவு மூடும்போது, கண்ணாடிக்கு வெளியே அவள் உதடு இன்னொரு முறை அசைந்தது. ழ வந்ததா என்று கேட்கவில்லை.