காதுகளைக் கழற்றி வைக்க ஓர் ஆற்றங்கரை

வானொலியில் மூன்று வினாடி மௌனம் நீண்டாலே எங்களுக்குப் படபடப்பு வந்துவிடும். எதையாவது பேசி நிரப்பியாக வேண்டும். பத்து ஆண்டுகளாக அதுதான் என் வேலை. நிலையத்தில் ஹெட்போன், எம்ஆர்டியில் இயர்போன், வீட்டில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள்.

சென்ற ஆண்டு தூக்கம் கெட்டது. விளக்கை அணைத்த பிறகும் தலைக்குள் யாரோ நிகழ்ச்சி நடத்திக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் காலை, தினமும் பேசும் நேயரின் பெயர்கூட வாயில் வரவில்லை. பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். மருத்துவரிடம் போனபோது, "ஒரு நாளில் உங்கள் காது எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போனேன். நான் பள்ளிக்குப் போன காலத்தில் இங்கே இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, கல்லாங் ஆற்றைச் சுமார் 3 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடவிட்டார்கள். 2012இல் பூங்கா புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. உடைத்த கான்கிரீட்டில் ஒரு பகுதி, பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு குன்றாக நிற்கிறது. கரையை இப்போது தாங்குவது செடிகளின் வேர்களும் கற்களும்தான். கனமழையில் வெள்ளம் புல்வெளிமீது பரவும். எச்சரிக்கை ஒலிக்கும், எல்லாரும் மேட்டுக்குப் போய்விடுவோம். பிறகு தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு 20 நிமிடம் நடப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பயிற்சி. முதல் வாரம் கை தானாகப் பைக்குள் போனது. இரண்டாம் வாரம், கரையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது அப்பா நினைவு வந்தது. அவர் இறந்த ஐந்தாம் நாளே நான் நிகழ்ச்சிக்குத் திரும்பியிருந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். அன்றுதான் அழுதேன்.

தள்ளி நின்ற பெரியவர் ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் போடாம இங்க வாம்மா, நீர்நாய் வருது" என்றார். ஒரு குடும்பமே நீந்திப் போனது. இருவரும் பேசாமல் பார்த்தோம்.

ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மருத்துவர் சொன்ன மனநல ஆலோசனைக்கும் போனேன். ஆனால் தூக்கம் மெல்லத் திரும்பியது. சனிக்கிழமைகளில் அம்மாவும் என்னுடன் வருகிறார். அப்பாவைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசாததையெல்லாம் இங்கே பேசுகிறோம்.

உங்கள் புளோக்கின் கீழேயும் ஒரு நடைபாதை இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், இயர்போன் இல்லாமல் 20 நிமிடம் நடங்கள். கேட்கும் ஒலிகளில் மூன்றை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மைனா, சைக்கிள் மணி, தண்ணீர், எதுவானாலும் சரி. அமைதியில் பாரம் அதிகமானால் தனியாகச் சுமக்க வேண்டாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

போன வாரம் ஒரு பாடல் முடிந்ததும் உடனே பேசாமல் ஒரு மூச்சு விட்டேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த தயாரிப்பாளர் பதறிப்போய் நிமிர்ந்தார். ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டுப் பேசத் தொடங்கினேன்.