மணாலியிலிருந்து லே வரை

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புங்கள் என்று தலைமையாசிரியை சகோதரி அவர்கள் கேட்டபோது, நாங்கள் பழைய மாணவியர் ஐவரும் ஒரே குரலில் "சைக்கிள் பயணத்தை எழுதுவோம்" என்றோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் தயக்கம் வந்தது. மலைகளைப் பற்றி எழுதுவது எளிது. சார்ச்சூவில் கழிந்த ஓர் இரவைப் பற்றியும் எழுதியாக வேண்டுமே!

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்கள் ஐவரும், நமது பள்ளியில் எங்களுக்கு விளையாட்டு கற்பித்த டீச்சரும், அவருடைய கணவரும் மணாலி போய்ச் சேர்ந்தோம். டீச்சரின் கணவர் எங்களுக்கு "சார்". சைக்கிளில் எந்த உறுப்பு பழுதானாலும் அவருக்குக் கைவந்த கலை. சாமான்களுக்கு ஒரு ஜீப்பும், லாஹௌல் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர் அண்ணன் ஒருவரும் அமைந்தனர். பாதை ரோதாங் வழியாக ஏறத்தாழ 475 கிலோமீட்டர், ஐந்து கணவாய்கள். நம் கொடைக்கானல் எவ்வளவு உயரமோ, அநேகமாக அவ்வளவு உயரத்தில்தான் மணாலியே இருக்கிறது. கடைசிக் கணவாயான டாங்லாங் லா 5,328 மீட்டர். தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அதை எட்டாது!

முதற் கணவாயான ரோதாங்கை (3,978 மீட்டர்) இரண்டாம் நாள் தாண்டினோம். 2020-இல் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகு லாரிகள் அதன் வழியே போய்விடுவதால், மேலே செல்லும் பழைய சாலையில் நெரிசல் குறைந்துவிட்டது. மூடுபனியில் முன்னால் போகிறவளின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. அப்புறம் இறக்கம். தண்டி என்னும் இடத்தில் சந்திரா, பாகா என்ற இரு நதிகளும் கூடுகின்றன. அங்கே ஒரு பெட்ரோல் நிலையம். அடுத்தது 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை சொல்கிறது. எங்களுக்குப் பெட்ரோல் எதற்கு என்று சிரித்துக்கொண்டே சென்றோம்.

ஜிஸ்பாவில் ஒரு நாள் முழு ஓய்வு என்பது ஏற்பாடு. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், இரவில் படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகக் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. அடுத்து நாங்கள் தங்கவிருந்த ஜிங்ஜிங்பார் ஜிஸ்பாவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். அதற்காகத்தான் அந்த ஓய்வு. ஆனால் எங்கள் கால்களில் அப்போது தினவு! "டீச்சர், களைப்பே இல்லை டீச்சர்" என்று ஐவரும் சுற்றி நின்று கெஞ்சினோம். டீச்சர் மனமில்லாமல் தலையாட்டினார்.

எங்களுள் மிகவும் பலசாலி ஒருத்தி. பள்ளி நாட்களில் ஓட்டப் பந்தயக் கோப்பைகள் பலவும் அவள் கைக்குத்தான் போகும். ஜிங்ஜிங்பாரில் இரவு அவளுக்குத் தலைவலி. சோறு இறங்கவில்லை. "டீச்சரிடம் சொல்லாதீங்கடி, ஜீப்பில் ஏற்றிவிடுவார்" என்றாள். நாங்கள் நால்வரும் சொல்லவில்லை. அதோடு விட்டோமா? எங்கள் பையிலிருந்த தலைவலி மாத்திரையையும் கொடுத்தோம். தோழமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் பாராலாச்சா லா (ஏறத்தாழ 4,890 மீட்டர்). உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி, நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் அசையாமல் கிடந்தது. எப்போதும் முன்னால் செல்பவள் அன்று கடைசியாக வந்தாள். மாலையில் சார்ச்சூவின் கூடாரங்களை அடைந்தோம்.

இரவு இரண்டு மணிக்கு அவள் வாந்தி எடுத்தாள். எழுந்து நடந்தவள் கூடாரக் கயிறு இல்லாத இடத்திலும் இடறினாள். அப்போதுதான் டீச்சரை எழுப்பினோம். டீச்சர் அவளை ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்கடி நடப்பதற்குள் சாய்ந்தாள். உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினால் நடை இப்படித் தள்ளாடும். பலசாலி, நோஞ்சான் என்ற வேற்றுமை அதற்கு இல்லை. மாத்திரை கொடுத்ததை அப்போது ஒப்புக்கொண்டோம். டீச்சர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஓட்டுநர் அண்ணன் "நீச்சே, நீச்சே" என்றார். கீழே என்று பொருள். ஆனால் சார்ச்சூவில் அதுதான் சங்கடம். முன்னால் போனாலும் கணவாய், பின்னால் போனாலும் கணவாய். கீழே இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏறியாக வேண்டும். பாராலாச்சாவை மறுபடி தாண்டி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ள கேலாங்குக்கு அந்த இருட்டிலேயே டீச்சர் அவளை அழைத்துச் சென்றார். ஜீப்பின் விளக்கு மலை வளைவில் மறைந்ததும், சார் ஒன்றும் பேசாமல் அவளுடைய சைக்கிளைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்தார்.

கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. விடிந்தும் நாங்கள் படுக்கவில்லை. கூடாரக்கார அக்கா பிரஷர் குக்கரில் சோறு வைத்தார். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வெறும் பாத்திரத்தில் அரிசி வேகாது என்று விளக்கினார். பாடப் புத்தகத்தில் படித்ததுதான். அன்றைக்கு யார் அதைக் கேட்டார்கள்? மாலையில் ஜீப் திரும்பியது. டீச்சரின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "மருத்துவமனையில் இருக்கிறாள். தெளிவாகப் பேசுகிறாள். நாங்கள் மணாலிக்குப் போகிறோம். நீங்கள் சார் சொல்வதைக் கேளுங்கள்."

போவதா, திரும்புவதா என்று ஒரு பகல் முழுதும் பேசினோம். போவதென்று முடிவாயிற்று. அவளுடைய சைக்கிளை ஜீப்பின் கூரைமேல் கட்டினோம்.

அதற்குப் பிறகு கட்டா வளைவுகள் 21. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய எங்களுக்கு இது எம்மாத்திரம் என்று ஊரில் பேசியதுண்டு. பத்தாவது வளைவில் அந்தப் பேச்சு மூச்சோடு போயிற்று. அங்கே ஓரிடத்தில் தண்ணீர்ப் புட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பனியில் சிக்கித் தாகத்தோடு இறந்த ஒரு லாரி உதவியாளனுக்காக வழிப்போக்கர் வைப்பது என்று கதை. நாங்களும் ஒன்று வைத்தோம். நக்கீ லா, லாச்சுலுங் லா இரண்டும் முடிந்தன. பின்னர் மோரே சமவெளி. பெயரில்தான் மோர், எதிர்க்காற்றில் உதடு வெடித்ததுதான் மிச்சம்.

டாங்லாங் லாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. இருபது மிதி, ஒரு நிறுத்தம் என்று ஏறினோம். உச்சியில் கூரையிலிருந்து ஐந்தாவது சைக்கிளையும் இறக்கி, மஞ்சள் பலகையருகே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். கொடிகள் படபடத்த சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சிந்து நதிக் கரையோரமாக லே நகருக்குள் நுழைந்ததும் முதலில் அவளுக்குத்தான் தொலைபேசியில் பேசினோம். எங்கள் ஊரில், தன் வீட்டில் இருந்தாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு சற்று நேரம் பேச்சில்லை.

"டாங்லாங் லாவில் யாருக்கும் தலைவலி வரலையாடி?" என்று கேட்டாள்.

"இரண்டு பேருக்கு வந்தது. உடனே சாரிடம் சொல்லிவிட்டோம். கடைசி ஆறு கிலோமீட்டர் அவர்கள் ஜீப்பில்தான் வந்தார்கள்."

"என் சைக்கிளோடவா?"

"ஆமாம், உன் சைக்கிளோடுதான்" என்றோம்.