மஞ்சள் பெயின்ட் மீட்பு ஆகாது

கலிஃபோர்னியாப் பழத்தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த கேட்டர்பில்லர் செயின் டிராக்டர்களை மீட்பவர்கள் பலருக்கும் பளபளக்கும் மஞ்சள் பெயின்ட் மேல்தான் கண். என் கட்சி வேறு: ஓட வேண்டியதை ஓட வையுங்கள், தகரத்தைத் தொடாதீர்கள். 1904-இல் ஸ்டாக்டன் பக்கத்துப் பொதபொத மண்ணில் சக்கரம் புதைகிறதென்று பெஞ்சமின் ஹோல்ட் செயினை மாட்டிப் பார்த்தார். 1925-இல் ஹோல்ட்டின் டிராக்டர் நிறுவனமும் பெஸ்ட் டிராக்டர் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனம் பிறந்தது. 1931 கடைசி வரை அதன் வண்டிகள் சாம்பல் நிறம். 1929 வண்டிக்கு மஞ்சள் அடிப்பது வேஷம் கட்டுவதுதான். பழத்தோட்ட மாடலில், கிளை சிக்காமலிருக்க, செயினுக்கு மேல் தகர மூடி இருக்கும். அதிலுள்ள நசுங்கலும் கீறலும் வண்டி எங்கே உழைத்தது என்பதற்குச் சாட்சி. பட்டி பார்த்தால் சாட்சி காலி.

“துரு மிச்சத்தையும் தின்றுவிடுமே” என்பார்கள். நியாயம்தான், ஆனால் எண்ணெய் தடவிக் கொட்டகையில் நிறுத்தினால் வெளித்துரு அடங்கும். ஆபத்து உள்ளே. இந்த வண்டியைத் திருப்புவது பக்கத்துக்கொரு கிளட்ச். மழையில் கிடந்தால் அதன் தட்டுகள் ஒட்டி இறுகிவிடும்; லீவரை இழுத்தாலும் வண்டி நேராகவே போகும். பிரித்துச் சரிசெய்யக் காசும் பொறுமையும் வேண்டும், போட்டோவிலும் தெரியாது. சொந்தக்காரர் இஷ்டமில்லையா என்றால், இஷ்டம்தான். பெயின்ட்டை அடுத்த வருஷமும் அடிக்கலாமே, முதலில் கிளட்ச்சைப் பாருங்கள் என்கிறேன்.