பாடு இல்லாத நாளில் சந்திரபாபு

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பசியாவரத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பசியும் வரமும் சேர்ந்து காதில் விழுகிற ஊர்ப்பெயர். அதற்காகவே போகலாம்!

பல காலமாக இங்கே படகுதான் வழியாக இருந்தது. நான் ஏறிய ஃபைபர் படகை ஓட்டியவர் கோட்டைக்குப்பத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். கிளம்பியதும் செல்போனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துப் பாட்டைத் தட்டிவிட்டார். மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது ஒரு யோடலிங். ஜே.பி.சந்திரபாபு!

“இன்னிக்கி எங்களுக்குப் பாடு இல்ல சார். அதான் பாட்டு” என்று சிரித்தார்.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றால் முறை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குவார்கள். நல்ல இடம் கிடைத்தவருக்கு இறால், கிடைக்காதவருக்கு அடுத்த முறை. சண்டை வராமலிருக்க முன்னோர் கண்ட வழி.

செல்போனில் இருந்தது 18 பாட்டு. மகன் ஏற்றிக் கொடுத்த ‘சந்திரபாபு ஹிட்ஸ்’. ‘புதையல்’, ‘மரகதம்’, ‘சகோதரி’ என்று வரிசையாக ஓடியது. அமெரிக்காவில் சக் பெர்ரி கிட்டாரோடு ராக் அண்ட் ரோல் பாடி ஊரைக் கலக்கிய அதே ஐம்பதுகளில், இங்கே அந்த ஆட்டத்தைத் தன் கால்களுக்குக் கொண்டுவந்தவர் சந்திரபாபு. பெர்ரி பிறந்தது 1926, இவர் 1927. பெர்ரியின் 28 பாடல்களைத் தொகுத்து 1982-ல் ‘தி கிரேட் ட்வென்டி-எய்ட்’ என்று ஆல்பமே போட்டார்கள். 1977-ல் வாயேஜர் விண்கலத்தோடு போன தங்கத் தட்டிலும் அவர் பாட்டு ஒன்று இருக்கிறது. ராக்கெட் விஷயம் பசியாவரத்துக்குப் புதிதில்லை. ஸ்ரீஹரிகோட்டா இதே ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது.

சந்திரபாபுவும் கடற்கரைப் பிள்ளைதான். ஊர் தூத்துக்குடி. முழுப்பெயரிலேயே அந்த ஊர் பனிமய மாதா இருக்கிறாள்: ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் சந்திரபாபு. பழவேற்காட்டிலும் போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோயில் உண்டு. “நம்ம கரை ஆளு சார்” என்று படகுக்காரர் உரிமை கொண்டாடியதில் தப்பே இல்லை.

“ஹிட்ஸ்ல ஓடுன பாட்டு மட்டும்தான் சார் இருக்கும். வலை ரொம்புன நாள மட்டும் சொல்ற மாதிரி” என்றார் அடுத்து. நியாயமான பேச்சு. சந்திரபாபு எழுதி, இயக்கி, நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ 1966-ல் வந்து தோற்றது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ முடியவே இல்லை. 1974 மார்ச்சில், 46 வயதில், வறுமையில் போய்விட்டார். அந்த நாட்களுக்கு 18 பாட்டில் இடமில்லை. ஆனாலும் ‘அன்னை’யிலும் ‘ஆண்டவன் கட்டளை’யிலும் அவர் பாடியதைக் கேட்டால், சிரிப்புக்கு அடியில் என்ன கிடந்தது என்பது கேட்கிறவர்களுக்குக் கேட்கும்.

பசியாவரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பெண்கள் சிலர் வலையில் சிக்கிய நண்டுகளைக் கொடுக்கு உடையாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையில் கால்வாசிகூட நிறையவில்லை. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, நண்டும் குறையும். கேட்டதற்கு ஒரு அக்கா தலை நிமிராமல், “வாய் தொறந்தாதான் தம்பி எங்களுக்குச் சோறு” என்றார். ஏரியின் வாயைத்தான் சொன்னார்.

திரும்பும்போது தண்ணீர் வற்றிய இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டு, கழியை ஊன்றித் தள்ளினார் படகுக்காரர். சத்தம் அடங்கிவிட்டதால் ‘அன்னை’ படப் பாட்டு தெளிவாகக் கேட்டது. அது முடிந்ததும், கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்து, மறுபடி அதையே போட்டார்.