பைசல்

வெஸ்டர்ன் கதைகள் என்றாலே குதிரை, துப்பாக்கி, புழுதி கிளம்பும் ஒற்றைத் தெரு. விமர்சனம் பேசுகிறவன் இவற்றைப் படிக்கலாம், படித்ததாகச் சொல்லக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். டாரதி எம். ஜான்ஸனைப் படித்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

ஜான்ஸன் 1905ல் அயோவாவில் பிறந்து, மான்டானா மாநிலத்தின் வொய்ட்ஃபிஷ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இளம் வயதில் செய்துகொண்ட திருமணம் முறிந்தது. கணவன் விட்டுப்போன கடன்கள் இவர் தலையில் விழுந்தன. 1930ல் முதல் கதை 400 டாலருக்கு விற்றது. அடுத்த கதை விற்க 11 வருஷங்கள் ஆயின. நியூயார்க்கில் பத்திரிகை வேலை. பிறகு ஊர் திரும்பி உள்ளூர்ப் பத்திரிகையிலும், மிஸூலாவில் பல்கலைக்கழகத்திலும் வேலை. எழுத்து எப்போதும் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில்தான்.

'லிபர்ட்டி வாலன்ஸைச் சுட்ட மனிதன்' 1949ல் வந்த கதை. ஜான் ஃபோர்டின் 1962ம் வருஷப் படத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். படத்தின் பிரச்னை உண்மைக்கும் புனைவுக்கும் இடையிலானது. கதையின் பிரச்னை வேறு. ஃபாஸ்டர் சுட்டதாக ஊர் நம்புகிறது, சுட்டவன் பாரிக்யூன். தான் விரும்பிய பெண்ணையும் விட்டுக்கொடுத்தவன், அதோடு விலகிவிடுவதில்லை. அவளுக்காகவாவது நீ ஆளாக வேண்டும் என்று ஃபாஸ்டரை விரட்டிக்கொண்டே இருக்கிறான். ஃபாஸ்டர் செனட்டர் ஆகிறான். தரவும் முடியாத, மறுக்கவும் முடியாத ஒரு கடனின் மேல் கட்டிய வாழ்க்கை அது.

1950ல் வந்த 'குதிரை என்று ஒரு மனிதன்' கதையிலும் இதுதான். பாஸ்டன் இளைஞன் ஒருவன் குரோ இனத்தாரிடம் பிடிபட்டு, ஒரு கிழவியின் சுமை மிருகமாகிறான். பிறகு அவள் மகளை மணக்கிறான். மனைவி இறந்ததும் தப்பிப்போக வழி திறக்கிறது. போனால் ஆண்துணையற்ற கிழவி அநாதை. அவள் சாகும்வரை இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறான். 1970ல் வந்த படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது மார்புத் தோலைக் குத்தித் தொங்கவிடும் சடங்கு. கதையில் அது இல்லை, கிழவி இருக்கிறாள். சினிமா துப்பாக்கியையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டது. கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டது.

ஜான்ஸன் 1984ல் இறந்தார். வொய்ட்ஃபிஷில் அவர் கல்லறைக் கல்லில் அவர் விருப்பப்படி பொறித்தது ஒரே சொல்: பெய்ட். தமிழில் இதற்கு எங்கள் வீட்டுச் சொல்தான் சரி. பைசல்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் வெகுகாலம் புழங்கியது. அப்பா போனபோது நான்கு புரோநோட்டுகள் இருந்தன. அம்மா தையல் மெஷினை மிதித்து ஒன்பது வருஷத்தில் அடைத்தாள். கடைசி நோட்டில் 'அசலும் வட்டியும் பைசல்' என்று எழுதி வாங்கி வந்தவள், அதைக் கிழித்துப் போடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அவளிடம் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. அதைப் பண்பு என்று எழுதிவிடலாம். எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். அந்தக் காசில்தான் நான் படித்ததும்.

ஃபாஸ்டரைப் படித்த இரவு, அந்த நோட்டை எடுத்துப் பின்புறம் பார்த்தேன். பத்தும் பதினைந்துமாக வரவுகள். ஒவ்வொன்றின் கீழும் அவள் கோணல் கையெழுத்து. கடைசி இரண்டு வருஷமும் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து எங்கும் இல்லை.