நுரையீரலுக்குத் தேய்மானம் உண்டா?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் குப்பென்று ஒரு வாசனை அடிக்கும். ‘பரவாயில்லையே, சுத்தமா வெச்சிருக்காங்க!’ என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். நீங்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அதே வாசனையில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள்?

ஒருமுறை, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், ‘‘மாஸ்க் போட்டுக்கக் கூடாதாம்மா?’’ என்று கேட்டேன். ‘‘போட்டா மூச்சு முட்டுது, போடாட்டி இருமல் வருது. எதைப் பார்க்கச் சொல்றீங்க தம்பி?’’ என்றார். இத்தனைக்கும், சாதாரண துணி மாஸ்க் ரசாயன ஆவியைத் தடுக்காது.

இது வெறும் இருமல் சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் 73,262 பெண் நர்ஸுகளை 2009 முதல் 2015 வரை கவனித்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. வாரம் ஒரு தடவையாவது கிருமிநாசினியால் சுத்தம் செய்கிறவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 38 சதவிகிதம் அதிகமாக இருந்தது. சிகரெட் பழக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும்! நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் தலைமையில் 20 வருடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. துப்புரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது.

நான் பி.காம். படித்தவன். மெஷின் வாங்கினால் வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். தேய்ந்தால் புதுசு வாங்கலாம். தரை துடைக்கும் மெஷினுக்கு லெட்ஜரில் இடம் உண்டு. துடைக்கிற அம்மாவின் நுரையீரலுக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

கிருமிநாசினியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு அது அவசியம். ஆனால் உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படிக்கு? பெரும்பாலும் சோப்புத் தண்ணீரே போதும். ஸ்பிரே அடித்தால் துளிகள் நேரே மூச்சுக்குள் போகும். துணியில் நனைத்துத் துடைக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்கலாம். முக்கியமாக, பாத்ரூமில் பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றச் சொல்லாதீர்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் முதல் உலகப்போரில் ஆயுதமாகத் திறந்துவிட்டார்களே, அதே வாயுதான்!

இன்னொன்று. ‘இன்னிக்கு வாசனையே வரலியே, துடைச்சியா இல்லியா?’ என்று கேட்கிறோம் பாருங்கள்... அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அடுத்த நாள் வாளியில் ரெண்டு மூடி கூடுதலாக விழுகிறது. சுத்தத்துக்கு வாசனை கிடையாது. நாம் மோந்து பார்த்துத் திருப்திப்படுவது இன்னொருவர் மூச்சில் கழிகிற செலவு.